ஒதியம்பட்டு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

பாரிஸ் புறநகரிலிருந்து எழுதுகிறேன். தொழில் தொடங்க நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் போனில் பேசினால் முதலுக்கு என்ன வழி என்றுதான் கேட்கிறார்கள். சீட்டுக்கும் மொய்க்கும் நாம் பத்திரம் எழுதிக் கேட்பதில்லை. ஆளைத் தெரியும் என்ற ஒன்றுக்காகவே பணம் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கை பணத்தோடு நின்றுவிடுகிறது, தொழில் நுணுக்கத்துக்கு வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

போட்டியாளர்களும் சேர்ந்து கற்க முடியும் என்பதற்குத் திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றைப் பாழாக்கியதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவைச் சுத்திகரிப்பது தனிப் பட்டறை சமாளிக்கிற செலவா? ஒருவரோடொருவர் ஆர்டருக்குப் போட்டி போடுகிறவர்கள் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்து நின்றார்கள். அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பல பட்டறைகளின் கழிவுநீர் குழாய் வழியே ஓரிடம் சேரும். சவ்வு வடிகட்டியில் நல்ல நீர் பிரியும். மிஞ்சும் உப்புநீரையும் பக்குவப்படுத்திச் சாயம் போடவே திருப்பி அனுப்பினார்கள். கழிவை வெளியே விடாமல் சாயம் போட அவர்கள் கற்றது இப்படித்தான்.

அதே ஊரின் பின்னலாடைத் தொழில் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் சொந்தபந்தத்தின் பலத்தில் பெரிய முதலோடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் சிறிய முதலோடு தொடங்கி, வேகமாக வளர்ந்து, ஏற்றுமதியில் முந்தினார்கள். உறவுக்குள்ளேயே சுற்றும் பணம் திறமை இருக்கும் இடம் தேடிப் போவதில்லை. நமக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நம் வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் இப்பகுதிக் கைவினைஞர்களுக்குப் பொதுவாகிவிட்டது. மண் பதமும் சூளைப் பக்குவமும் பொதுவாகட்டும். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மோல்டு தெரியும், இன்னொருவருக்குப் பேக்கிங் தெரியும். சாதி, தெரு பார்க்காமல் மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் உட்காருங்கள். தாய்மாமன் மகனுக்குக் காட்டும் பக்குவத்தை அடுத்த தெருப் பெண்ணுக்கும் காட்டுங்கள்.

இங்கே கடைக்காரர்கள் சுடுமண் பொருளை என்ன அளவில், எப்படிப் பொதிந்து கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுவது என் பொறுப்பு. முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்துச் சொல்லுங்கள், அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை