மதிப்புரையைத் தேடக் கற்றுக்கொடுங்கள்

சோழர் காலத்தில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று வரும் மாணவரிடம் நான் முதலில் புத்தகத்தைக் கொடுப்பதில்லை. அந்தப் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளைத் தேடி எடுத்து வா என்பேன். கும்பகோணத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் பிள்ளைகள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நான் வைக்கும் முதல் வேலை இன்றும் இதுதான்.

காரணம் இருக்கிறது. பர்ட்டன் ஸ்டெய்ன் எழுதிய ‘பெசன்ட் ஸ்டேட் அண்ட் சொசைட்டி இன் மெடீவல் சவுத் இந்தியா’ 1980-இல் வந்தது. அதுவரை சோழ அரசு என்றால் நீலகண்ட சாஸ்திரி 1930-களில் தீட்டிய சித்திரம்தான்: வலுவான மைய அரசு, அதிகாரிகளின் அடுக்கு, ஒழுங்கான வரி நிர்வாகம். ஸ்டெய்ன் அதை மறுத்தார். உண்மையான அதிகாரம் நாட்டார் எனப்பட்ட உள்ளூர் வேளாண் தலைவர்கள் கையில் இருந்தது, தலைநகரை விட்டு விலகிய பகுதிகளில் மன்னருக்கு இருந்தது பெரும்பாலும் சடங்கு சார்ந்த தலைமைதான் என்றார். ஏடன் சவுத்தால் கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களை ஆராய்ந்து உருவாக்கிய ‘செக்மென்டரி ஸ்டேட்’ கோட்பாட்டைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்தார். இந்த நூலை மட்டும் படிக்கும் மாணவர் அதற்குள்ளேயே தங்கிவிடுவார். அவ்வளவு உறுதியான எழுத்து. ஆனால் 1981-இல் ‘இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ’ இதழில் ஆர். சம்பகலட்சுமி எழுதிய மதிப்புரைக் கட்டுரையையும் கையில் எடுத்தால், ஒரு பெரிய வாதத்தை எந்தெந்த இடத்தில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரியவரும். எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் வகைப்படுத்தி ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதும் அப்போதுதான் புரியும். ஸ்டெய்னே பின்னாளில் தம் கருத்துகளில் சிலவற்றை மறுபரிசீலனை செய்து எழுதினார். இந்த உரையாடல் முழுவதும் ஆய்விதழ்களின் பக்கங்களில் நடந்தது. புத்தக அலமாரியை மட்டும் பார்ப்பவருக்கு அது நடந்ததே தெரியாது.

சரி, அந்த மதிப்புரையை எப்படித் தேடுவது? இங்கேதான் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். நூலகக் கணினியில் இருக்கும் கேட்லாக்கில் கட்டுரையின் பெயரை அடிக்கிறார்கள், எதுவும் வருவதில்லை, “லைப்ரரியில் இல்லை மேடம்” என்று திரும்பி வருகிறார்கள். கேட்லாக்கில் இதழின் பெயர் இருக்கும். இதழுக்குள் இருக்கும் கட்டுரைகளின் பெயர் இருக்காது. அவற்றைத் தேட ஆய்விதழ்த் தரவுத்தளங்களுக்குள் போக வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. மதிப்புரை இன்னும் சிக்கலானது. பல மதிப்புரைகளுக்குத் தனித் தலைப்பே கிடையாது, மதிப்பிடப்படும் நூலின் பெயர்தான் தலைப்பு. ஆகவே நூலின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, நூலாசிரியர் பெயரைச் சேர்த்து, நூல் வெளியான ஆண்டிலிருந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மட்டும் தேடச் சொல்வேன். கல்விசார் மதிப்புரைகள் தாமதமாகத்தான் வரும். மதிப்புரைகளை மட்டும் பிரித்துக்காட்டும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் அது இருக்கிறது. தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரைவரை அங்கே இணையத்தில் இலவசமாகப் படிக்கவும் முடியும்.

பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதமும் ஆளைத் திணறடிக்கும். சோழர் என்பதை ‘சிஎச்’ போட்டுத் தேடினால் ஒரு குவியல் கிடைக்கும். ‘சி’ மட்டும் போட்டால், சாஸ்திரியின் நூல் உட்பட, வேறொரு குவியல். தஞ்சாவூரைத் தேடுபவர் ‘டேஞ்சூர்’ என்றும் தேடாவிட்டால் வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களைப் பற்றிய கட்டுரைகளில் பாதியைத் தவறவிடுவார். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டித் தந்தால் ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டுவிடலாம். ஒருவரும் காட்டாவிட்டால் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் தெரியாமலே போகலாம். இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய பட்டியலோடு பிள்ளைகள் வருகிறார்கள். ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, ஆனால் அப்படி ஒரு கட்டுரையே எழுதப்படவில்லை. தேடத் தெரிந்த பிள்ளை அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். தெரியாத பிள்ளை அதை ஆய்வேட்டில் அப்படியே ஏற்றிவிடும்.

பணமில்லை என்று இனி சொல்ல முடியாது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் இவற்றைப் படிக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் இதை நடத்துகிறது. மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ அரசுக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கும், டெல்லியில் படிப்பவருக்கும் ஒரே கதவு. நான் ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கு இரவு ரயில் ஏறியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் என்னிடம் வந்த ஒரு முதுகலை மாணவிக்கு, தான் படிக்கும் அரசுக் கல்லூரியில் இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியவில்லை. கல்லூரிக்கு வெளியே, வீட்டில் இருந்தபடி படிக்க இன்ஃபிலிப்நெட்டின் உள்நுழைவு ஏற்பாடான இன்ஃபெட் வழியாகப் பயனர் கணக்கு வேண்டும். அதைக் கல்லூரியில் இதற்கென இருக்கும் பொறுப்பாளர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே அந்தப் பொறுப்பு வேறு நான்கு வேலைகளோடு ஓர் ஆசிரியர் தலையில் இருந்தது, நூலகரே இல்லை. ஆறாயிரம் கோடியில் அந்தப் பெண்ணுக்கு உரிய பங்கு, ஒரு கடவுச்சொல் இல்லாமல் முடங்கிக் கிடந்தது.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. வாசகரோடு நூலகர் நேரடியாகப் பேசி உதவ வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். உலகுக்கு நூலக அறிவியல் சொல்லித்தந்தவர் பிறந்த சீர்காழி, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அந்த மண்ணில் நூலகர் பணியிடம் காலியாகக் கிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனவே இரண்டு கேட்கிறேன். முதலாம் ஆண்டு சேர்க்கை நாளில், அடையாள அட்டையோடு ஆய்விதழ்க் கணக்கையும் கொடுங்கள். முதல் பருவத்திலேயே தேடும் முறைக்கு மதிப்பெண்ணோடு கூடிய ஒரு தாள் வையுங்கள்; அதை நூலகர் நடத்தட்டும், நடத்துவதற்கு நூலகரை நியமியுங்கள். என் கையில் பாடத்திட்டம் இருந்தால் அந்தத் தாளின் தேர்வு இப்படித்தான் இருக்கும்: ஒரு நூலின் பெயர் தரப்படும், அதற்கு வந்த மதிப்புரைகளில் ஒன்றோடொன்று முரண்படும் இரண்டைக் கண்டுபிடித்து, எங்கே முரண்படுகின்றன என்று ஒரு பக்கம் எழுத வேண்டும்.

அடுத்தது, வெளியில் நிற்பவர்களுக்காக. ஊர் வரலாறு எழுதும் பள்ளி ஆசிரியர், தனியார் கல்லூரி மாணவர், என்னைப் போல ஓய்வுபெற்றவர் எவரும் இந்தத் திட்டத்துக்குள் இல்லை. நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாரும் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்ற விதி, பல நாடுகளில் ஆய்விதழ் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கிறது. இப்போதைய மூன்றாண்டுக் காலம் 2027-உடன் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது அந்த விதியையும் கேட்டு வாங்கி எழுதிச் சேர்க்க வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்தில் அதற்காக நான்கு கணினிகளும் காலையிலிருந்து மாலைவரை ஒரு நூலகரும் இருந்தால், டெல்டா மாவட்டங்களுக்குத் தொடக்கமாக அது போதும்.