இல்லத் தையல்: குப்பாயத்தில் தொடங்குவோம்

பொன்முடித் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பெண் குழந்தைக்கு ஒரு விசேஷ உடை வேண்டுமென்றால் அது சிறிய காரியமன்று. துணி எடுக்க ஒரு முறை, அளவு கொடுக்க ஒரு முறை, தைத்ததை வாங்க ஒரு முறை என்று, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து விதுராவிற்கோ நெடுமங்காட்டிற்கோ இறங்க வேண்டும். ஒவ்வோர் இறக்கத்திற்கும் ஒரு நாட்கூலி போய்விடுகிறது. ‘நாமே தைத்தால் என்ன?’ என்ற எண்ணம் தாய்மார்களுக்கு வராமலில்லை, துணிவுதான் வருவதில்லை. பட்டுத் துணியில் கத்தரி தவறினால் பல வாரக் கூலி ஒரு நொடியில் பாழாகிவிடுமே என்ற அச்சம்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அதில் பெரும்பங்கு, தொடங்கும் உடையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால் வருவது. உடலோடு ஒட்டி நிற்கும் ரவிக்கை, நான்கு டார்ட், தனியாக வெட்டிப் பொருத்தும் கை, இவை யாவும் தேர்ந்த தையற்காரரையே சோதிப்பவை. ஊசி பிடித்துப் பழகாதவர் அதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டால், பாதியில் மூட்டை கட்டி வைப்பது வியப்பன்று. நம் நாட்டுப் பெண்கள் முன்னாளில் தைத்து உடுத்திய மேலாடை ஒன்று எத்தகையது என்று பார்த்தால், எங்கே தொடங்க வேண்டும் என்பது விளங்கும். அதன் பெயர் குப்பாயம். தளர்வான உடலும் குறுகிய கையும் கொண்ட எளிய சட்டை.

எளிய சட்டைதான், ஆனால் அதற்காகப் பட்ட பாடு எளியதன்று. பொன்முடி உட்பட இப்பகுதி முழுவதும் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. உயர்சாதியினர் முன் மார்பை மூடிக்கொள்ளும் உரிமை, அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் குலப் பெண்களுக்கும், அவர்களினும் தாழ்த்தி வைக்கப்பட்ட பிற குலப் பெண்களுக்கும் மறுக்கப்பட்டிருந்தது. கர்னல் மன்றோ 1814-இல் பிறப்பித்த உத்தரவு, கிறிஸ்தவ சமயம் தழுவிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயத்தை அணியலாம் என்றது. தோளின் குறுக்கே மேல்சீலை போடும் உரிமையை மட்டும் அது தரவில்லை. உத்தரவு காகிதத்தில் இருந்தது. சந்தையிலோ வேறு நியாயம். 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலகம் மூண்டது. மேலாடை அணிந்து சென்ற பெண்களை வழிமறித்து, அதைக் கிழித்தெறிந்தார்கள். 1829-ஆம் ஆண்டின் அரச விளம்பரமும் குப்பாயத்தை அனுமதித்து மேல்சீலையைத் தடுத்தது. 1858-இன் இறுதியில் கலகம் மீண்டும் வெடித்தது. முடிவில் 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான விளம்பரம், சமய வேறுபாடின்றி எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம் என்று ஒப்புக்கொண்டது. அப்பொழுதுங்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலை விடாமல் ஒட்டிவைத்தார்கள்!

அந்தக் குப்பாயங்களைத் தைத்தவர்கள் யார்? நாகர்கோவிலில் லண்டன் மிஷன் மாதர்கள் நடத்திய பள்ளிகளில் ஊசி பிடிக்கக் கற்ற ஏழைப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். 1819-இல் அங்கு வந்து சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னவும் கற்பித்தார். அடிமைக் குடியில் பிறந்த பெண்கள் சிலர் அந்த லேஸ் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்தே தம் விடுதலையைப் பெற்றனர். ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது 1851-இல்தான். ஆகவே மன்றோ காலத்துக் குப்பாயங்கள் யாவும் கைத்தையலே. ‘வீட்டில் மெஷின் இல்லையே’ என்று தயங்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பத்து வயதுச் சிறுமிக்குப் பாவாடையின் மேல் அணியும் சட்டையையே எடுத்துக்கொள்வோம். மார்பளவு 26 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தளர்ச்சிக்கு 4 அங்குலம் கூட்டி 30. அதில் கால் பங்கு ஏழரை. தையலுக்கு 1 அங்குலம் சேர்த்து எட்டரை. உயரம் 15 அங்குலம், அடிமடிப்பிற்கு ஒன்றரை. அகலமான துணியாயின் ஒரு மீட்டர் போதும்.

துணியைத் தொடுமுன் செய்தித்தாளில் கால்சட்டம் வரைக. தாளின் ஒரு மூலை கழுத்தின் நடு. அம்மூலையிலிருந்து தோள் விளிம்போரமாக 12 அங்குலம் அளந்தால் கை முடியும் இடம். கைவாயின் இறக்கம் 6 அங்குலம். நடுமடிப்பிலிருந்து எட்டரை அங்குலம் தள்ளியும், தோளிலிருந்து ஏழரை அங்குலம் இறங்கியும் வரும் புள்ளி அக்குள். அங்கே கூர்மூலையாக வெட்டாமல் வளைவாக வரைய வேண்டும். கையும் உடலும் ஒரே துண்டு. ஆகவே கை பொருத்தும் தொல்லையே இல்லை. கழுத்தகலம் இரண்டேகால் அங்குலம். முன்னிறக்கம் மூன்றரை, பின்னிறக்கம் ஒன்று. இந்தக் கழுத்தில் குழந்தையின் தலை நுழையாது. முதுகின் நடுவில் 6 அங்குலம் பிளந்து, பட்டி வைத்து, கொக்கி தைக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை வைத்து முதலில் ஒரு பழைய வேட்டியை வெட்டிக் கச்சாத் தையல் போட்டுக் குழந்தைக்கு அணிவித்துப் பார்ப்பது நலம். கையைத் தூக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே தாளைத் திருத்துங்கள். என் கருத்தில், முழு வேலையில் பாதி இதுவே. இதைச் செய்யாமல் பட்டில் கை வைக்கிறவருக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்.

பட்டுத் துணியில் மயில், மாங்காய் போன்ற ஒரே திசை பார்க்கும் புட்டா இருந்தால் எச்சரிக்கை. தோளில் மடித்து ஒரே துண்டாக வெட்டும்பொழுது, முன்புறம் நேராக நிற்கும் மயில் முதுகில் தலைகீழாகத் தொங்கும். அத்தகைய துணியில் முன்னையும் பின்னையும் தனித்தனியே வெட்டித் தோளில் இணைக்க வேண்டும். இல்லையேல் புள்ளியோ கட்டமோ உள்ள துணியாகப் பார்த்து வாங்குங்கள்.

பக்கங்களுக்குப் பின்தையல், அக்குள் வளைவில் இருமுறை. பிறகு வளைவின் விளிம்பில் தையலைத் தொடாதபடி சிறு வெட்டுகள் கொடுத்தால் சுருக்கம் விழாது. பட்டு விளிம்பு பிசிறு விடும். அதைச் சுற்றித் தைத்து அடக்க வேண்டும். கழுத்திற்குக் கிராஸ் துண்டு, அதாவது துணியின் மூலைவாட்டில் வெட்டிய நாடா. நேர்வாட்டில் வெட்டியது வளைவுக்கு இணங்காது.

மலைவாசிகளுக்கு மட்டும் ஒரு சொல். உள்ளே வைக்கும் பருத்தித் துணியை வெட்டுமுன் ஓரிரவு நனைத்து உலர்த்தினால்தான் பின்னர் சுருங்காது. பொன்முடியின் ஆனி, ஆடி மழையில் அது உலர நாட்கணக்கில் ஆகும். ஆவணியில் கல்யாணம் இருந்தால் வைகாசியிலேயே நனைத்துவிடுங்கள். பட்டை நனைக்க வேண்டா. ஊசியையும் துணியில் குத்தியபடி இரவு விடக் கூடாது. மூடுபனி ஈரத்தில் ஏறும் துரு பட்டில் கறையாகப் படிந்துவிடும்.

பாவாடையின் கொசுவத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் வேட்டித் துணிச் சட்டை ஒன்றேனும் முடிந்திருக்கட்டும்.