வரிசையில் நிற்கிறவனைக் கேளுங்க

எங்க வீடு திருவொற்றியூர். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டும் நாட்களில், உள்ளே பெட்டியை இறக்க ஆகும் நேரத்தை விட ஜீரோ கேட் வரை ஊர்ந்து போக ஆகும் நேரம்தான் அதிகம். இன்னிக்கு எத்தனை பெட்டி இறங்குச்சுன்னு கணக்கு இருக்கும். கடைசி வண்டி எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு அதை ஓட்டினவருக்கும் அவர் வீட்டுக்கும்தான் தெரியும்.

இதை ஏன் சொல்றேன்னா, நானும் அதே தப்பைப் பண்ணினேன்.

எங்க லேப்பில் மூணு சர்வர். அதிலிருக்கும் டிஸ்க்குகளை செஃப் மூலமா ஒரே ஸ்டோரேஜ் கிளஸ்டரா இணைச்சு, அதுமேல மாணவர்களோட விஎம்கள் ஓடுது. அதைக் கண்காணிக்க பிரோமிதியஸ், கிராஃபனா ரெண்டையும் நிறுவினது நான்தான். பச்சைக் கட்டங்கள், அழகான கோடுகள். ஒரே பெருமை :-)

புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி ராத்திரி நண்பன் ஒருத்தனோட விஎம் பத்து நிமிஷம் உறைஞ்சுபோச்சு. கெடு தாண்டிருச்சு. மறுநாள் என் டாஷ்போர்டைத் திறந்து பார்த்தாங்க. எல்லாம் பச்சை. "சிஸ்டத்துல கோளாறு இல்லையே தம்பி" என்றார் சார். மார்க் போச்சு. அவனுக்கு எதிரான சாட்சி, நான் கட்டின பச்சைக் கட்டம்.

ஒரு வாரம் குடைஞ்சதில் மூணு தப்பு தெரிஞ்சது. மூணும் என்னோடதுதான்.

முதல் தப்பு, சராசரி. நூறு கோரிக்கையில் 98-க்கு 2 மில்லிசெகண்ட், மிச்சம் ரெண்டுக்கு 400 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வைங்க. சராசரி வெறும் 10 தான். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த ரெண்டு பேர் செத்தாங்க. 99-வது சதமானத்தைப் பார்த்திருந்தா 400 பளிச்னு தெரிஞ்சிருக்கும்.

இரண்டாவது, அளந்த இடம். நான் எடுத்தது டிஸ்க் பக்கத்துக் கணக்கு, அதாவது கேட்டுக்கு உள்ளே ஆகும் நேரம். ராத்திரி பேக்கப் ஓடும்போது வெளியே நீண்ட வரிசையை நான் அளக்கவே இல்லை. விஎம்முக்குள்ளே ஐஓஸ்டாட் ஓட்டினா 'அவெய்ட்' என்ற எண் வரும். அதில் வரிசையில் நின்ற நேரமும் சேர்ந்தே இருக்கும். விஎம்வேர்காரர்கள் ஈஎஸ்எக்ஸ்டாப்பில் இதைப் பிரிச்சே காட்டுறாங்க: சாதனத்தில் ஆன நேரம் தனி, கெர்னலில் ஆன நேரம் தனி, ரெண்டையும் கூட்டினா விஎம் அனுபவிச்சது. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபிச்ச விதியும் இங்கே உதவும். விநாடிக்கு 3200 கோரிக்கை முடியுது, எந்நேரமும் 64 நிலுவையில் இருக்குன்னா, ஒவ்வொண்ணும் சராசரியா 20 மில்லிசெகண்ட் காத்திருக்கு. ஐஓபிஎஸ் மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது.

மூணாவதுதான் கேவலம். பிரோமிதியஸையே அந்தக் கிளஸ்டர்மேல ஒரு விஎம்மாத்தான் வச்சிருந்தேன். கிளஸ்டர் திணறினப்போ அதுவும் திணறி, பத்து நிமிஷத்துக்குப் பதிவே இல்லை. அந்த இடைவெளியாவது கண்ணில் பட்டிருக்கணும். விடுபட்ட புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் வசதியை, பார்க்க அழகா இருக்குன்னு, நானே போட்டு வச்சிருந்தேன்.

எந்த டூல் என்பது ரெண்டாம்பட்சம் மக்களே. இதே சென்னையில் அட்வென்ட்நெட்டா வளர்ந்து 2009-ல் ஸோஹோன்னு பேர் மாத்திக்கிட்ட நிறுவனம் கண்காணிப்பு மென்பொருள்களை உலகம் பூரா விற்குது. எதை வேணா போடுங்க. ஆனா காத்திருக்கிறவன் பக்கத்திலிருந்து அளங்க, சராசரியை நம்பாதீங்க, காவல்காரனைக் கிளஸ்டருக்கு வெளியே உட்கார வைங்க. தகவல் இல்லாத நேரத்தைப் பச்சைன்னு காட்டாதீங்க.

இப்போ பழைய கம்ப்யூட்டர் ஒண்ணில் பிரோமிதியஸைத் தனியா ஓட்டுறேன். அடுத்த பேக்கப் ஓடின ராத்திரி எடுத்த வரைபடத்தை சாரிடம் காட்டினேன். பேக்கப் நேரத்தை மாத்திட்டாங்க.

நண்பனோட மார்க் மட்டும் மாறலை.