சிலைகளைக் கொண்டுபோவது திருடர்கள் மட்டுமல்ல

ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நடராசர் சிலை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. அந்நாட்டுப் பிரதமரே தில்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். அந்தக் கடத்தலின் பின்னணியில் இருந்த சுபாஷ் கபூருக்கு, சிலைக் கடத்தல் வழக்கு ஒன்றில், 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சிலை திருட்டுப் போனால் வழக்கு உண்டு, அதற்கெனக் காவல்துறையில் தனிப்பிரிவு உண்டு, மீட்கும் வழியும் உண்டு. காட்சிக்கூடத்தில் பத்திரமாக நிற்பதாக நாம் நம்பும் ஒரு சிலையின் முகம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் எந்தக் காவல் நிலையமும் புகார் வாங்காது. உதிர்ந்த முகத்தை எந்த நாட்டிலிருந்தும் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. இந்த ஆபத்தைப் பற்றி நாம் பேசத் தவறுகிறோம்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழமையான அருங்காட்சியகங்களில் ஒன்று. திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், நாகப்பட்டினத்துப் புத்தர்கள், அமராவதியின் சுண்ணாம்புக்கல் பலகைகள், கருங்கல் மூர்த்தங்கள், மரச் சிற்பங்கள், தந்த வேலைப்பாடுகள், ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த உலோகப் பொருள்கள் என இத்தனையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தின் பெருமை இந்தப் பன்மைதான். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. ஒரு பொருளுக்கு மருந்தாகும் காற்று இன்னொரு பொருளுக்கு நஞ்சாகிறது.

செப்புத் திருமேனிகளை எடுத்துக்கொள்வோம். ஐம்பொன் என்று நாம் சொன்னாலும் அவற்றில் பெரும்பங்கு செம்புதான்; வெள்ளீயமும் காரீயமும் ஓரளவு கலந்திருக்கும். அருங்காட்சியகத்துக்கு வந்த சிலைகளில் கணிசமானவை மண்ணுக்குள் கிடந்து வெளிப்பட்டவை. படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் அஞ்சிப் புதைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, ஏர் உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ அவை தட்டுப்பட்டன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசிடம் சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 தொடங்கி 1930கள் வரை ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. மண்ணில் கிடந்த காலத்தில் அதன் உப்பு உலோகத்துக்குள் இறங்கிவிடுகிறது. சிலையைக் கழுவித் துடைத்து மேடையில் நிறுத்தினாலும் உள்ளே குளோரைடு உறங்கிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி மேலே ஏறினால் அது விழித்துக்கொள்ளும். சிலை மேல் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். இதை வெண்கல நோய் என்கிறார்கள். வழுவழுப்பான பழைய களிம்பு சிலையைக் காக்கும் போர்வை. இந்தத் தூளோ உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். சென்னையில் காற்றை முறைப்படுத்தாவிட்டால் மூடிய அறையிலும் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியும் 60 விழுக்காட்டுக்கு மேல்தான் இருக்கும்.

இதை நம் முன்னோடிகள் அறிந்திருந்தார்கள். செப்புத் திருமேனிகளில் இந்த நோயைக் கண்டுதான் 1930இல் இந்த அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்திய அருங்காட்சியகங்களில் இத்துறைக்கு வழிகாட்டியது அது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் பல சிலைகளுக்கு உயிர் கொடுத்தார். அந்த மரபுக்கு உரிய நாம் இன்று சிலைகளைக் காப்பதைக் காவலர் வேலையாகவும் பூட்டு வேலையாகவும் சுருக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே நம் கவலை.

அமராவதிக் கற்களின் கதை இன்னும் துயரமானது. கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த அந்த மாபெரும் தூபியின் சிற்பப் பலகைகள் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. பளிங்கு போல மின்னுவதால் அமராவதிப் பளிங்கு என்றும் அழைக்கிறார்கள். 1845இல் வால்டர் எலியட் அங்கு அகழ்ந்து எடுத்தவற்றைச் சென்னைக்கு அனுப்பினார். அவை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. 1859இல் ஏறத்தாழ 120 பலகைகள் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கும் அவற்றுக்கு மரியாதை கிடைத்துவிடவில்லை; ஒரு வண்டிக் கொட்டிலில் கிடந்தவற்றை 1867இல் ஜேம்ஸ் பெர்குசன் கண்டெடுக்க வேண்டியிருந்தது. பின்னர் 1880களில் ஜேம்ஸ் பர்ஜெஸ் நடத்திய அகழாய்விலும் ஏராளமான கற்கள் கிடைத்துச் சென்னைக்கு வந்தன. வந்தவற்றை அக்காலத்து அதிகாரிகள் அருங்காட்சியகச் சுவர்களில் சாந்து குழைத்துப் பதித்தார்கள்.

அதைவிடக் கொடிய பிழை செய்திருக்க முடியாது. சிமெண்டிலும் சாந்திலும் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து கல்லுக்குள் ஊறும். ஈரம் குறையும்போது அந்த உப்பு படிகமாகிப் பருக்கும். பருக்கும் உப்பு கல்லின் மேல்தோலை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். மழைக்காலம், கோடை, மீண்டும் மழைக்காலம் என ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு மெல்லிய ஏடு பெயரும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி உளியால் செதுக்கிய கண்ணிமையும் கைவிரலும் அந்த ஏட்டில்தான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, நகரத்து வாகனப் புகையில் உள்ள கந்தகம் சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றுகிறது. பதித்த கல்லைச் சுவரிலிருந்து பிரிப்பதும் எளிதன்று. அவசரப்பட்டால் கல்லே உடையும். பொறுமையும் பயிற்சியும் பணமும் கோரும் வேலை அது. லண்டனுக்குப் போன பங்கு 1992 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காற்றும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட தனிக்கூடத்தில் நிற்கிறது. ஒரே தூபியின் கற்கள். எடுத்துப்போன நாட்டில் ஒரு கவனிப்பு, நம்மிடம் தங்கியவற்றுக்கு வேறொரு கவனிப்பு என்ற நிலை நம்மை உறுத்த வேண்டும். நம்மிடம் உள்ளவற்றை நன்கு காத்தால்தான் லண்டன் கற்களைத் திருப்பிக் கேட்கும் உரிமைக் குரலுக்கும் வலு சேரும். அமராவதி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது என்பதால் நம் பொறுப்பு இரட்டிப்பாகிறது. அயலவர் சொத்துக்கும் நாம் காவலர்.

மரமும் தந்தமும் எதிர்ப்பக்கம் நிற்கின்றன. செப்புச் சிலைக்காக அறையை உலர வைத்தால் தேர்ச்சிற்பத்தின் பலகை வெடிக்கும், தந்தம் பிளக்கும். ஈரம் கூடினால் பூஞ்சையும் கரையானும் வரும். எல்லாப் பொருளையும் ஒரே கூடத்தில் ஒரே காற்றில் நிறுத்தினால் ஏதோ ஒன்றுக்குக் கேடு நிச்சயம். பார்வை நேரம் முடிந்ததும் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுக் காலையில் மீண்டும் போடுவது அதைவிடக் கெடுதல். நாள்தோறும் ஈரம் ஏறி இறங்கும் அறை, நிலையான ஈரம் கொண்ட அறையைவிட மோசமானது. மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஈடாக எதை இழக்கிறோம் என்று கணக்குப் பார்ப்பார் இல்லை.

2018 செப்டம்பரில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்து போனது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது அருகிலிருந்த குழாய்களில் தண்ணீர் இல்லை. பராமரிப்புப் பணம் ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டு வந்ததை அந்நாடு அதன் பிறகுதான் பரவலாகப் பேசியது. நம் நாட்டுத் தலைநகர் தில்லியிலேயே 2016 ஏப்ரலில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையானது. நெருப்பு செய்தியாகிறது. உப்பும் ஈரமும் செய்தியாவதில்லை என்பதுதான் வேறுபாடு.

தமிழ்நாட்டில் புதிய அருங்காட்சியகங்கள் எழுவது மகிழ்ச்சிக்குரியது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குத் திரளும் கூட்டமே மக்களின் ஆர்வத்துக்குச் சான்று. புதிய கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், நாடா வெட்டலாம். 170 ஆண்டு கடந்த பழைய வளாகத்தில் ஈரமானியை மாற்றுவதற்கு விழா எடுக்க முடியாது. அதனால்தான் அது பின்தங்குகிறது. கோயில் திருமேனிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும் திருவாரூர் போன்ற சிலைப் பாதுகாப்பு மையங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். அங்கே கதவு பாதுகாப்பாக இருக்கிறது. காற்று பாதுகாப்பாக இருக்கிறதா?

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. எழும்பூரில் உள்ள ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒளிப்படத்தோடு கூடிய உடல்நிலைப் பதிவேடு வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்தப் பொருளால் ஆனதோ அதற்கேற்ற அறையும் பேழையும் தர வேண்டும், இரவும் பகலும் இயங்கும் காற்றுக் கட்டுப்பாட்டோடு. எல்லாவற்றுக்கும் முதலாக, பாதுகாப்பு வேதியியலாளர்கள் வேண்டும். பணி ஓய்வு பெறும் ஒவ்வொருவரோடும் பல பத்தாண்டுக் கைப்பழக்கம் வெளியேறுகிறது. அடுத்தவர் அவரிடம் கற்றுக்கொள்ளும் காலம் இருக்கும்படி முன்கூட்டியே ஆள் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் வேதியியல், தொல்லியல் துறைகள் பாதுகாப்பு வேதியியல் படிப்புக்கு இடம் தர வேண்டும்.

நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனித் தலைப்பில் தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்று கோருகிறோம். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழும்பூருக்குப் போங்கள். சிலைகளைத் தொடாதீர்கள், விரலின் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஒரு திருமேனியில் புதிதாக வெளிர்பச்சைத் தூளோ, ஒரு கற்பலகையின் கீழே வெண்பொடியோ கண்ணில் பட்டால், தேதியிட்டு அருங்காட்சியக இயக்குநருக்கு எழுதுங்கள்.