பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின்! லாபமா? நஷ்டமா?

அமெரிக்காவில் விவசாயிகளின் வீடுகளில் "பிக்கப்" வண்டி சர்வசாதாரணம். முன்னால் ஆள் உட்கார ஓர் அறை. பின்னால் திறந்த தொட்டி. வைக்கோலும் ஏற்றலாம், கன்றுக்குட்டியையும் ஏற்றலாம்.

30, 40 வருஷத்துக்கு முந்திய பிக்கப் வண்டிகள் இன்னும் அங்கே ஓடுகின்றன. அவற்றில் பல, எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகள். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும்.

வண்டியின் உடம்பு நன்றாக இருக்கிறது. எஞ்சின்தான் ஓய்ந்துவிட்டது. என்ன செய்வது?

அந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு, அதே இடத்தில் டீசல் எஞ்சினை மாட்டிவிடுகிறார்கள், சிலர்! வீட்டுக் கொட்டகையிலேயே, தாமே ஸ்பானர் பிடித்து இதைச் செய்கிறவர்களும் உண்டு.

இதனால் உண்மையில் பணம் மிஞ்சுகிறதா?

ரொட்டி வண்டியின் எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் மின்சாரப் பொறி பறந்து பெட்ரோல் ஆவி எரிகிறது. டீசல் எஞ்சினில் அந்தப் பொறி கிடையாது. உள்ளே வரும் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிறது அல்லவா? அதைப்போல் பல மடங்கு சூடு! அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

இந்த நெருக்கலைத் தாங்க இரும்பு கனமாக இருக்க வேண்டும். 1978-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, தன் பெட்ரோல் எஞ்சினின் அமைப்பை ஒட்டியே ஒரு டீசல் எஞ்சின் செய்து விற்றது. மேல்மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தாங்கவில்லை. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 1985-ல் அந்த எஞ்சின் நின்றுபோயிற்று.

எஞ்சின் மாற்றுகிறவர்கள் விரும்பித் தேடுவது, கம்மின்ஸ் கம்பெனியின் பழைய நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். கடை கடையாக ரொட்டி கொண்டுபோகும் வண்டிகளில் இருந்தது. 3.9 லிட்டர், 105 குதிரைச் சக்தி. எடை சுமார் 340 கிலோ. கம்ப்யூட்டர் கிடையாது. கைக்கருவி இருந்தால் பிரித்து மாட்டலாம். இதுதான் அதன் கவர்ச்சி!

பிரேக் என்ன ஆகும்?

எஞ்சினைத் தூக்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. கனம் கூடினால் முன்பக்கத்து ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். மிஞ்சுகிற டீசல் தொட்டிக்குத் திரும்பிவர இன்னொரு குழாய் வேண்டும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கத் தனியாக ஒரு தகடு வேண்டும். பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்கு மேலும் சுற்றும். இதுவோ 2,500 அளவில் நின்றுவிடும். ஆகையால் பின் அச்சின் பல்சக்கரங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது பிரேக். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பிரேக்கை அழுத்தும் காலுக்குத் துணைநிற்பது அந்த வெற்றிடமே. டீசல் எஞ்சினில் அது இல்லை! தனிப் பம்பு வைக்காமல் ஓட்டினால் பிரேக் கல்லாக இறுகும். மூட்டையோடு இறக்கத்தில் போகும்போதா இதைத் தெரிந்துகொள்வது?

கணக்கு உதைக்கிறது

டீசல் வண்டி அதிக மைல் கொடுக்கும் என்பது மெய். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காலனுக்கு 12 மைல் ஓடிய வண்டி, மாற்றியபின் 20 மைல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காலன் 3 டாலர். டீசல் 3 டாலர் 60 செண்டு. வருஷத்துக்கு 10,000 மைல் ஓடினால், 2,500 டாலர் செலவு 1,800 டாலராகக் குறையும். மிச்சம் 700 டாலர்.

எஞ்சினும் வேலையும் சேர்த்து 10,000 டாலர் ஆகிறது என்றால், போட்ட பணம் திரும்ப 14 வருஷம் காத்திருக்க வேண்டும்! டீசல் மலிவாக இருந்த காலத்துக் கணக்கு வேறு. அமெரிக்காவில் இப்போது பெரும்பாலும் பெட்ரோலைவிட டீசல்தான் விலை அதிகம். 2022 ஜூனில் காலன் 5 டாலர் 80 செண்டைத் தாண்டியது. மத்திய அரசாங்க வரியும் டீசலுக்கே கூடுதல்: பெட்ரோலுக்கு 18.4 செண்டு, டீசலுக்கு 24.4 செண்டு.

பிறகு ஏன் மாற்றுகிறார்கள்? புது டீசல் வண்டிகளில் புகை வடிகட்டியும் கம்ப்யூட்டரும் நிறைந்துவிட்டன. பழுது பார்க்கும் செலவு வாங்கியவரை மிரட்டுகிறது. தன் கையால் சீர்செய்யக்கூடிய வண்டி வேண்டும் என்பதே பலருடைய ஆசை. நியாயமான ஆசைதான்.

புகை யார் வீட்டுக்கு?

ஆனால், வடிகட்டி இல்லாத எஞ்சினின் புகை சொந்தக்காரரோடு நிற்பதில்லை. தெருவில் விளையாடும் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் அறிவித்தது.

சட்டமும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினாலும், அந்த வண்டியின் வருஷத்திலோ அதற்குப் பின்னரோ அரசாங்கச் சான்று பெற்ற ஒரு வண்டியின் அமைப்புக்கு அது பொருந்த வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா. பழைய ரொட்டி வண்டியின் எஞ்சினைப் புதிய வண்டியில் வைப்பது இதற்கு ஒத்துவராது.

கம்பெனிகளும் தப்பவில்லை. சோதனையில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் புகை விடும்படி லட்சக்கணக்கான பிக்கப் எஞ்சின்களைச் செய்ததாக, அதே கம்மின்ஸ் கம்பெனிமீது குற்றச்சாட்டு எழுந்தது. தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 167 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் சம்மதித்தது.

கொட்டகையில் எஞ்சின் மாற்றும் விவசாயியைப் பிடிப்பது அவ்வளவு சுலபமல்ல. புகைச் சோதனை எல்லா மாநிலங்களிலும் இல்லை. கலிபோர்னியாவில் எஞ்சின் மாற்றிய வண்டியை நிபுணர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். சோதனையே இல்லாத மாநிலங்களில் கிராமத்துச் சாலையில் கரும்புகை விட்டுப் போகும் வண்டியை நிறுத்திக் கேட்பவர் அபூர்வம்.