ஸ்டூல் இருக்கு... உட்கார முடியுதா?

தி.நகரில் ஒரு சேலை எடுக்க நமக்கு ஒரு மணி நேரம் போதும். அதை விரித்துக் காட்டும் பெண்ணோ பல மணி நேரமாக நின்றுகொண்டிருப்பார்.

உட்காருவது அவருக்கு முதலாளி தரும் சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தின. தமிழ்நாட்டுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கட்டாயம். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம்.

ஏன் இது முக்கியம்? நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுது. ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீங்கும், முதுகு வலிக்கும். வருடக்கணக்கில் நின்றால் வெரிகோஸ் வெயின் வரும் ஆபத்தும் கூடும்.

ஸ்டூல் போட்டா மட்டும் போதாது. உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால் அந்த ஸ்டூல் வெறும் காட்சிப்பொருள். ‘கஸ்டமர் தப்பா நினைப்பாங்க’ என்பதுதான் அதற்குச் சொல்லும் காரணம். அந்த கஸ்டமர் நாமதான். அதனால, நம்மைப் பார்த்ததும் பதறி எழுந்திருப்பவரிடம் ‘பரவாயில்ல, உட்காருங்க’ன்னு சொல்லுங்க. இருக்கையே இல்லைன்னா மேனேஜரிடம் கேளுங்க. ஊழியர் கேட்டால் வேலை போகலாம். பில் கட்டுற நாம கேட்டால் பதில் சொல்லியாகணும்.