கோடை விடுமுறையும் கூந்தன்குளமும்

சித்திரை பிறந்து பள்ளிகள் மூடப்பெற்றதும், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா வீடுதோறும் எழுகின்றது. மலைநகர்களை நாடுவோர் பலர். கடற்கரையை நாடுவோர் பலர். அண்மைக் காலமாகப் பறவைகளின் சரணாலயங்களுக்குக் குடும்பத்தோடு செல்லும் வழக்கமும் பெருகி வருகின்றது. வனத்துறையினரும் இயற்கை ஆர்வலரும் சிறுவர்க்கென முகாம்களும், பறவை காணும் நடைகளும் அமைக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், எங்கே, எப்போது, எத்துணைப் பேர் செல்வது என்பதைக் கருதாமல் நடத்தப்பெறும் நிகழ்ச்சிகள், காண வந்த பறவைகளுக்கே கேடாய் முடியும்.

விடுமுறை மனிதர் வகுத்துக்கொண்டது. பறவைகள் நாட்காட்டி பார்த்து வருவன அல்ல. வேடந்தாங்கலின் பெயரை அறியாதார் இலர். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்த பின்னரே அங்குப் பறவைகள் கூடுகின்றன. நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்த்து, வேனில் முதிருமுன் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. வைகாசியில் அங்குச் செல்வோர் வெடித்த ஏரித் தரையைக் கண்டு வறிதே மீள்வர். பின்னர்ச் சரணாலயத்தைப் பழிப்பர்! பழி ஏரியுடையதன்று. வேடந்தாங்கல் மக்கள் அப்பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருபவர்; வேட்டையாடுவோரைத் தடுக்க வேண்டி 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய ஆட்சியாரிடம் ‘கவுல்’ என்னும் உரிமைச் சீட்டைப் பெற்றவர். சரணாலயம் என்னும் சொல் சட்டத்தில் ஏறுமுன்பே அது வழக்கத்தில் இருந்த ஊர் அது.

கோடையில் காண்பதற்கு ஏற்றது கூந்தன்குளம். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தில் உள்ள இச்சிற்றூர் 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. மணிமுத்தாற்று அணையின் நீர் வந்து குளம் நிறையும் ஆண்டுகளில், தை மாதம் தொடங்கிக் கோடையிலும் இங்குக் கூடுகள் இருக்கும். குளத்தில் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமன்று, ஊரினுள் வீடுகளை ஒட்டி நிற்கும் வேப்ப மரங்களிலும் அவற்றைக் காணலாம். கூரைமேல் எச்சம் விழும். மீன் நாற்றம் தெருவில் வீசும். ஊரார் அதற்கு முகம் சுளிப்பதில்லை. பறவைகளின் வரவு நல்ல நிமித்தம் என்பது அவர்தம் நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்குச் சிறந்த உரம் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. தீபாவளி நாளிலும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. பட்டாசை விரும்பாத சிறுவர் எவ்வூரில் உளர்? கூந்தன்குளத்துச் சிறுவர் அவ்விருப்பத்தை விட்டுக்கொடுத்து வளர்கின்றனர். நாரையைச் சுட்டிக் காட்டும் பெற்றோர், அந்நாரைக்காக வெடியைத் துறந்த சிறுவனைச் சுட்டிக் காட்ட ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இவ்வூரில் கூட்டமாகச் சென்று ஆரவாரிப்பதால் விளையும் தீங்கு யாது? மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சும் கூழைக்கடாவின் குஞ்சும் முட்டையை விட்டு வெளிவரும்போது சிறகற்ற வெற்றுடம்பினவாய் இருக்கும். திறந்த மரவுச்சியில் கோடை வெயில் நேரே விழும். அப்போது தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ கூட்டின் விளிம்பில் நின்று, சிறகை விரித்துக் குஞ்சின்மேல் நிழல் செய்யும். வெயில் சாயச் சாய, அதுவும் திரும்பித் திரும்பி நிற்கும். மரத்தடியில் ஒருவர் கைதட்டினால் அந்நிழல் எழுந்து பறந்துவிடும். பறவை பறக்கும் காட்சியைப் படம் பிடிப்பதற்கென்றே கைதட்டுவோரும் உளர். அவர்தம் கைப்பேசியில் படம் விழுகின்றது. கூட்டில் குஞ்சு வெயிலில் வாடுகின்றது. காக்கையும் பருந்தும் காவலற்ற கூட்டை நோக்கி வரும். சற்று வளர்ந்த குஞ்சுகளோ அஞ்சித் தடுமாறிக் கீழே விழும். கூச்சலிட்ட குடும்பம் இவற்றுள் ஒன்றையும் காணாமலே வண்டியேறிச் சென்றுவிடும்.

மக்கள் திரளாக வந்தால்தான் உயிர்களிடத்து அன்பு பரவும் என்று சிலர் கூறுவர். ஊருக்கு வருவாயும் பெருகும் என்பர். வருவாய் பற்றிய கூற்றில் உண்மை உண்டு. ஊரார்க்கு அது வேண்டியதும் ஆகும். ஆனால் ஆயிரவர் நெருக்கத்தில் பிறர் முதுகையே கண்டு திரும்பும் சிறுவனுக்கு எவ்வகை அன்பு பிறக்கும்? வேறு சிலரோ, குழந்தைகளை அங்கே விடுவதே தகாது என்பர். இது அதனினும் பிழையான கொள்கை.

இந்தியப் பறவைகளின் இயலை உலகறியச் செய்த சாலிம் அலி, 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தவர். சிறுவனாய் இருந்தபோது அவர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அஃது என்ன குருவி என்று தம் மாமாவைக் கேட்டார். அவர்க்கு அது தெரியவில்லை. ஆனால் சிறுவனைக் கடிந்து விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராய் இருந்த மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்டு பேழைகளைத் திறந்து பல வகைக் குருவிகளைக் காட்டி விளக்கினார். அச்சிறுவன் பிற்காலத்தில் தம் வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே அளித்தார். கேள்வி கேட்ட ஒரு சிறுவனுக்காக ஒரு பெரியவர் சிறிது நேரம் செலவிட்டதன் பயன் அது. ஓர் ஒலிபெருக்கியைக் கொண்டு ஆயிரம் சிறுவர்க்கு இதனைச் செய்தல் இயலாது.

ஆகவே, ஒரு குழுவில் இருபதின்மருக்கு மேல் வேண்டா. விடியலிலேயே சென்று, வெயில் ஏறுமுன் கூடுகளை விட்டு விலகிவிட வேண்டும். அவ்வூரை நன்கு அறிந்த ஒருவர் முன்னே நடக்க வேண்டும். அவர் அவ்வூராராகவே இருப்பின் சாலச் சிறப்பு, வருவாயும் ஊரிலேயே தங்கும். கண்ணைப் பறிக்கும் உடைகளைத் தவிர்த்தல் நலம். பெற்றோரும் உடன் வருதல் இன்றியமையாதது. சிறுவர் ஒருமுறை சொன்னால் அடங்கிவிடுவர். பெரியவர்களை அடக்குவதுதான் அரிது!

சிறுவர் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம் என்று எண்ணிப் பெருமை கொள்வதினும், ஒரே கூட்டை அரைமணி நேரம் தொலைவில் இருந்து நோக்கி, நிகழ்ந்ததை எழுதுவது மேல். பறவைகளின் தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிதல் வேண்டும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என்னும் பெயர்களை வைத்தவர் கூர்ந்து பார்த்தவர். முதலது எதை உண்ணும் என்பதைப் பெயரே சொல்கின்றது. அடுத்த இரண்டும் அலகின் வடிவைச் சொல்கின்றன. கடையது, நீருக்கு மேலே நீட்டிய நீள்கழுத்தைச் சொல்கின்றது. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடுத்தபோது, அதன் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறினார்; அது தெற்கே வந்து வடக்கே மீளும் இயல்பையும் குறித்தார். ஏட்டை மட்டும் படித்தவர்க்கு அவ்வுவமை தோன்றியிராது. அப்பாடலைப் பாடத்தில் மனப்பாடம் செய்த மாணவன், ஒரு நாரையின் அலகையேனும் நேரிற் காணுதல் வேண்டாமா?

கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிடும் வழக்கமும் கூந்தன்குளத்தில் உண்டு. வெயில் ஏறிக் கூடுகளை விட்டு விலகிய பின், ஊருக்குத் திரும்புமுன், அக்குஞ்சுகள் வளர்க்கப்பெறும் இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.